ஏறுகிற மீன்

ஐப்பசிக் கடைசியில் ஒரு நாள் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான பிரயாணம். நான்கு வழிச் சாலை வந்த பிறகு, உட்கார்ந்து ஒரு குட்டித் தூக்கம் போடுவதற்குள் விழுப்புரம் வந்துவிடுகிறது. ஆனால் அன்று பஸ்ஸில் யாரும் தூங்கவில்லை. மூன்று நாள் அடைமழை விட்டு, வெயில் லேசாக எட்டிப் பார்த்த காலை. கூட்டேரிப்பட்டு தாண்டியதும் முன் ஸீட்டிலிருந்த ஒருவர் கழுத்தை நீட்டி வெளியே பார்த்து, "கோடி போவுதுடோய்!" என்று கத்தினார். அவ்வளவுதான், பஸ்ஸில் பாதிப் பேர் எழுந்து ஒரு பக்கத்து ஜன்னல்களில் மொய்த்துவிட்டார்கள்.

வெளியூர் வாசகர்களுக்கு இது என்னவென்று சொல்ல வேண்டும். கோடி என்றால் பணக் கணக்கு இல்லை. ஏரி நிரம்பி, கரையின் ஒரு மூலையில் அதற்கென்றே கல் பாவித் தாழ்வாக விட்டிருக்கும் இடத்தின் வழியே மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடுவதைத்தான் எங்கள் பக்கத்தில் கோடி போவது என்பார்கள். தெற்கே மறுகால் பாய்கிறது என்பார்கள். பணக் கோடியைக் கண்ணால் பார்க்காதவர்களுக்கு இந்தக் கோடியைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம். அந்த வருஷத்து நெல்லுக்கு உத்தரவாதம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். மீனுக்கும்.

எங்கள் பக்கத்து ஏரிகள் தனித்தனியாக இருப்பவை அல்ல. ஒன்று வழிந்தால் அந்தத் தண்ணீர் ஓடையாக ஓடி அடுத்த ஊர் ஏரியில் விழும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. இப்படிச் சங்கிலியாகக் கோத்து வைத்திருக்கிறார்கள். தண்ணீர் மேலேயிருந்து கீழே போகிறது. அதே நேரத்தில் மீன் கீழேயிருந்து மேலே வருகிறது. கெண்டை, கெளுத்தி, அயிரை, ஆரால், குரவை எல்லாம் புதுத்தண்ணீரின் வேகத்தை உடம்பில் உணர்ந்ததும் அதற்கு எதிராகத் திரும்பிவிடும். மேலே, புதிதாக நீர் பரவிய புல்தரையிலும் வயல் ஓரத்திலும் முட்டையிட வேண்டும். அங்கே ஆழமில்லை. பெரிய மீன் வந்து விழுங்காது. குஞ்சுக்குத் தீனியும் நிறைய. அதற்காக வயிறு நிறையச் சினையோடு கல்லில் மோதி, விழுந்து, மறுபடி துள்ளி, அந்த இரவுக்குள் எப்படியாவது ஏறிவிடப் பார்க்கிறது.

பனையேறி என்றே ஒரு மீன் இருக்கிறது. தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் லெப்டினன்ட் ஒருவர், அது பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்ததைத் தம் கண்ணால் கண்டதாக எழுதினார். அது 1797ல் லண்டனில் ஒரு விஞ்ஞான சங்கத்தின் ஏட்டில் அச்சாயிற்று. பனையில் ஏறி நான் பார்த்ததில்லை. மழை இரவில் ஈரத் தரையில், செவுள் மூடியை ஊன்றி ஊன்றி, ஏதோ அவசரக் காரியம் இருப்பது போல நடந்து போனதைப் பார்த்திருக்கிறேன்.

விக்கிரவாண்டியில் பஸ் நின்றபோது ஓர் அம்மாள் அலுமினிய அன்னக்கூடையோடு ஏறினாள். மேலே நனைந்த கோணி. கண்டக்டர், "ஏம்மா, கூடைய இதுல ஏத்தாதேன்னு எத்தினி வாட்டி சொல்றது?" என்றார். அதற்குள் அவள் கூடையை என் காலடியில் வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். கோணிக்கு அடியில் சரசரவென்று சத்தம். விலக்கிக் காட்டினாள். கெளுத்தி. மீசை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"சினை மீனு ஸார். ராத்திரி புடிச்சது. வேணுமா?"

"ஏறும்போது பிடித்ததா?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "ஏறாம பின்ன மீனு எப்படிக் கெடைக்கும்? ஆகாசத்துலேர்ந்தா வுழும்?"

நான் பதில் சொல்லவில்லை. என் தாய்மாமன் ஞாபகம் வந்துவிட்டது.

மாமாவின் ஊர் திண்டிவனத்துக்கு மேற்கே. அங்கே மேலேரி, கீழேரி என்று இரண்டு. மாமா அப்போது மேலேரியை மீன்பாசி ஏலத்தில் எடுத்திருந்தார். 'மீன்பாசி' என்பது சர்க்கார் வார்த்தை. ரசீதில் அப்படித்தான் எழுதுவார்கள். மீன் சரி, பாசியை யாரும் அள்ளிப் போய் விற்று நான் பார்த்ததில்லை. மாமா நல்ல மனிதர். கோபம் வந்தாலும் கை நீட்ட மாட்டார். சாப்பாட்டு நேரத்தில் யார் வந்தாலும் இலை போடச் சொல்வார். அமாவாசையன்று கவிச்சி தொட மாட்டார். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் சொல்லப் போவதைக் கேட்டு அவரை நீங்கள் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

எனக்குப் பதினோரு வயது. பள்ளிக்கூடம் மழைக்காக மூடியிருந்தது. நான் மாமா வீட்டில் இருந்தேன். நள்ளிரவில் யாரோ கதவைத் தட்டி, "மேலேரி கோடி வுட்டுச்சி" என்றார்கள். மாமா கோணியைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். அழுது அடம்பிடித்து நானும் கூடப் போனேன். கோடிக்குக் கீழே ஓடையில் ஒரு திருவிழாவே நடந்துகொண்டிருந்தது. பெட்ரோமாக்ஸ் விளக்குகள், டார்ச்சுகள், தென்னை ஓலைச் சூள். மூங்கில் ஊத்தாவைக் கவிழ்த்துக் கவிழ்த்து அழுத்துகிறவர்கள், பழைய புடவையை இரண்டு பக்கமும் பிடித்து வாருகிறவர்கள், வெறும் கையாலேயே துழாவுகிறவர்கள். கெளுத்தி முள் குத்தி ஒருவன் கத்துகிறான், மற்றவர்கள் சிரிக்கிறார்கள். தவளைச் சத்தத்தில் பக்கத்திலிருப்பவர் பேசுவது காதில் விழாது. நடுவில் கோடிக் கல்லின் மேல் மீன்கள் வெள்ளி வெள்ளியாகத் துள்ளி விழுந்துகொண்டிருந்தன.

மாமா கரைமேல் நின்று கத்தினார்: "டேய், எறங்குற மீனப் புடிங்கடா! ஏறுறத வுடுங்கடா! வவுத்துப் புள்ளத்தாச்சியாட்டம் வருது, அதப் போயிப் புடிக்கிறீங்களே, வெளங்குமா?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த வயசில் கதைகளில் படித்த ராஜாக்கள் அத்தனை பேரும் என் மாமா உருவத்தில் அங்கே நிற்பதாகத் தோன்றியது. கூட்டத்தில் இரண்டொருவர் கையை எடுத்தார்கள். ஆனால் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்த ஒரு கிழவர், கீழேரி ஊர்க்காரர், அறுவடைக் காலத்தில் மாமா வயலுக்குக் கூலிக்கு வருகிறவர், ஊத்தாவை எடுக்காமலே நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

"மேல ஏறிட்டா அது ஒங்க மீனு மொதலாளி. இங்க இருக்கிற வரிக்குந்தான் எங்களுது."

கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னார். மாமா அதற்குப் பதில் பேசவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார். வழியில், "ஈவு இரக்கம் இல்லாத ஜனங்க" என்று மட்டும் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன்.

அந்தக் கிழவரின் வாக்கியம் எனக்குப் புரிவதற்கு ஏறக்குறைய இருபது வருஷங்கள் ஆயின. கீழேரியிலிருந்து புறப்பட்ட மீன் ஓடையில் இருக்கும் வரை யாருடையதும் அல்ல. ஆகவே யாரும் பிடிக்கலாம். கோடிக்கல்லைத் தாண்டி மேலேரியில் விழுந்த அந்த நிமிஷமே அது ஏலம் எடுத்தவரின் சொத்து. அது இடும் முட்டையும் பொரிக்கும் குஞ்சும்கூட அவருடையவைதான். மாமா கெஞ்சியது தாய்மைக்காகவா, தம் ஏரிக்குள் வரவேண்டிய மீனுக்காகவா? இரண்டுக்காகவும்தான் என்று நினைக்கிறேன். எது முதல் என்று அவருக்கே தெரிந்திருக்காது. தமக்கு லாபமான இடத்தில் தர்மம் நின்றுகொண்டிருந்ததை அவர் பார்த்தார். அதைக் கும்பிட்டார். வேஷம் போடவில்லை. அதுதான் இதில் சங்கடமான விஷயம். வேஷக்காரன் என்றால் கண்டுபிடித்துவிடலாம்.

இதைப் பற்றி நான் மறுபடி யோசிக்கும்படி ஆனதற்கு ஒரு கடிதம் காரணம். என் கதைகளைப் படிக்கும் ஒருவர், திண்டிவனத்துக்காரர்தான், ஸ்காட்லாந்தில் உத்தியோகம் பார்க்கிறார். அங்கே ட்வீட் என்று ஓர் ஆறு. இலையுதிர் காலம் வந்துவிட்டால் சால்மன் மீன் அதில் கூட்டம் கூட்டமாக ஏறுமாம். (இலையுதிர் காலம் என்று அவர்தான் எழுதியிருந்தார். நம் ஊரில் அந்த மாதங்களுக்கு இலை உதிர்வதில்லை. கூதிர் என்று ஒரு நல்ல பெயர் இருந்தது. இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை.) சால்மன் ஆற்றின் கூழாங்கல்லுக்கு நடுவே பிறந்து, கடலுக்குப் போய்ப் பெருத்து, முட்டையிட மறுபடி தான் பிறந்த ஆற்றையே தேடி வரும் ஜாதி. மழை பெய்து ஆறு உயர்ந்தால்தான் ஏறும். வெள்ளம் கலங்கலாகவும் அதிகமாகவும் இருந்தால் தூண்டில்காரனுக்குப் பிரயோஜனமில்லை. வடிய ஆரம்பித்து, தண்ணீர் நீர்க்கத் தேநீர் போட்டது போலத் தெளிந்து வரும் ஒன்றிரண்டு நாள்தான் அவனுக்கு யோகம். அதற்காக ஆற்றின் உயரத்தை அங்குலம் அங்குலமாகக் கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். நம் ஆட்களுக்கு நேர் எதிர். இங்கே முதல் செந்தண்ணீர் வரும் இரவில்தான் மீன். தெளிந்த பிறகு போகிறவன் காலைக் கழுவிக்கொண்டு வரவேண்டியதுதான்.

அவர் எழுதியதில் எனக்கு வேடிக்கையாக இருந்தது மூன்று விஷயங்கள். ஒன்று, ஞாயிற்றுக்கிழமை அங்கே சால்மனுக்குத் தூண்டில் போடுவது சட்டப்படி குற்றம். மீனுக்கும் வார விடுமுறை. இரண்டாவது, ஏராளமான பணம் கட்டி ஒரு நாள் உரிமை வாங்கி, மணிக்கணக்காகக் குளிர்ந்த ஆற்றில் நின்று, ஒரு மீனைப் பிடித்து, கொக்கியைக் கழற்றி, மறுபடி ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்களாம். "இதை எங்கள் அப்பாவிடம் போனில் சொன்னேன், வேலைக்குப் போனாயா பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போனாயா என்று கேட்டார்" என்று எழுதியிருந்தார். மூன்றாவது, ஆற்றுக்குள் நுழைந்த சால்மன் தீனி தின்பதில்லை. அப்படியிருந்தும் தூண்டிலைக் கடிக்கிறது. பசிக்காகக் கடிக்கவில்லை என்றால் எதற்காக? கோபமா, பழக்கமா, குறுக்கே வந்ததை விலக்குவதா? இதில் பண்டிதர்களுக்குள் ஒற்றுமை இல்லை. ட்வீடில் பிப்ரவரி முதல் தேதியிலிருந்து நவம்பர் 30 வரைதான் தூண்டில். அதற்குப் பிறகு மீன் முட்டையிட ஆற்றை விட்டுவிட வேண்டும்.

ஆகா, எவ்வளவு நாகரிகம் என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் என் காதில் அந்தக் கிழவரின் குரல் விழுந்தது. மேலே யார், கீழே யார்? கொஞ்சம் படித்துப் பார்த்தேன். அங்கேயும் அதே கதைதான். ஆற்றின் மேற்பகுதியில் தூண்டில் உரிமை நிலப்பிரபுக்களுக்கு. முகத்துவாரத்தில் வலை போட்டுப் பிழைத்தவன் மீனவன். மீனை மேலே விடு, இனம் அழிகிறது என்று மேலே இருந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொன்னார்கள். என் மாமா சொன்னதைத்தான் இங்கிலீஷில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பிற்காலத்தில் பல இடங்களில் அந்த வலை உரிமைகளைப் பணம் கொடுத்து வாங்கி ஓய வைத்தார்கள். இரக்கத்துக்கு ஒரு விலை போட்டு அதை எடுத்து வைத்தார்கள். என் மாமா கரைமேல் நின்று கத்தியதற்கு மேல் ஒன்றும் கொடுக்கவில்லை. கிழவர் ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு கரையேறியிருந்தால், மறுநாள் அவர் வீட்டுச் சட்டியில் என்ன இருந்திருக்கும் என்று மாமா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நம் நாட்டிலும் இந்த வழக்கு பழசுதான். சென்னை ராணுவத்தில் வைத்தியராக இருந்து பிறகு இந்திய மீன்வளத்துக்குத் தலைமை அதிகாரியான பிரான்சிஸ் டே, 1873ல் நன்னீர் மீன்களைப் பற்றிப் பெரிய அறிக்கை ஒன்று கொடுத்தார். அணைக்கட்டுகளுக்குக் கீழே மீன் ஏற முடியாமல் தேங்கி நிற்கிறது, அங்கே சினை மீனும் குஞ்சும் கணக்கில்லாமல் அழிக்கப்படுகின்றன, கட்டுப்பாடு வேண்டும் என்று வாதாடினார். 1897ல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வைத்தும் விஷம் கலந்தும் பிடிக்கக் கூடாது என்றது. மற்றதையெல்லாம், பொறி எப்படி இருக்கலாம், வலைக் கண் எவ்வளவு இருக்கலாம் என்பதையெல்லாம், அந்தந்த மாகாணம் விதி செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டது. சட்டம் அந்த மட்டில் ஒதுங்கிக்கொண்டது. அணைகளோ ஒதுங்கவில்லை. கடலிலிருந்து காவிரியில் ஏறி வந்துகொண்டிருந்த உல்லம் மீனுக்கு, அதுதான் வங்காளிகள் உயிரை விடும் இலிஷ், 1934ல் மேட்டூர் அணை குறுக்கே நின்றது. அதற்குப் பிறகு காவிரியில் உல்லம் அருகிப் போயிற்று. அந்த அணையால் எத்தனை லட்சம் ஏக்கர் விளைந்தது என்று நமக்குத் தெரியும். அந்தச் சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் ஊத்தா வைத்த ஒரு கிழவனைப் பார்த்து, ஏறுகிற மீனை மறிக்கிறாயே என்று கேட்பதற்குக் கொஞ்சம் தயங்க வேண்டும். எங்கள் பக்கத்திலேயே வராக நதியும் தொண்டியாறும் கூடுமிடத்தில் 1958-59ல் கட்டிய வீடூர் அணை இருக்கிறது. அதன் ஷட்டர்களுக்கு மீனின் வயிற்றைப் பார்த்து இரக்கப்படத் தெரியாது.

சைவ வாசகர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கொல்வது என்று ஆன பிறகு ஏறுகிறது என்ன, இறங்குகிறது என்ன? நியாயமான கேள்வி. ஆனால் அசைவக்காரர்களிடமும் ஒரு வரம்பு இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கறிக்கடைக்காரர் சினை ஆட்டை அறுக்க மாட்டார். தெரியாமல் அறுத்துவிட்டால் அன்றைக்கு அவர் முகமே சரியாக இருக்காது. பாவம் என்பார். பாவம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: சினை ஆட்டை விற்கிறவனுக்கு இரண்டு குட்டி நஷ்டம். வளர்த்தவன் ஒருவன் இருக்கிறான், அவன் கணக்குப் பார்க்கிறான். அந்தக் கணக்கும் இந்தப் பாவமும் கைகோத்துக்கொண்டு நடக்கின்றன. ஓடையில் ஏறும் கெளுத்திக்கு வளர்த்தவன் இல்லை. ஆகவே அதன் சினைக்கு நஷ்டப்படுகிறவனும் இல்லை. அதனால்தான் ஆட்டுக்குக் கிடைத்த இரக்கம் கெளுத்திக்குக் கிடைக்கவில்லை. மாறாக, அதன் சினை நமக்கு ருசியாகிவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. ஏலம் எடுத்தவர்கள் இன்று ஏரியில் விடும் கட்லாவும் ரோகுவும் ஆறு தேடி ஏற வேண்டியதில்லை. கெண்டை மீனின் மூளையடிச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசி போட்டு, தொட்டியிலேயே முட்டையிட வைக்கும் வித்தையை ஹீராலால் சவுத்ரி 1957 ஜூலை 10ஆம் தேதி ஒரிஸ்ஸாவில் செய்து காட்டினார். அது முதல் பண்ணையில் குஞ்சு வாங்கி ஏரியில் விடலாம். பணம் போட்ட மீனுக்கு வம்சம் உறுதி. அந்த மழை இரவில் கல்லில் மோதிக்கொண்டு ஏறுகிறவையோ பெரும்பாலும் யாரும் குஞ்சு வாங்கி விடாத சின்ன ஜாதி மீன்கள். அவைதான் கீழே நிற்கிற ஏழைக்குக் காசில்லாமல் கிடைப்பவை. ஆக, தர்மத்தைக் கடைப்பிடி என்று நாம் யாரிடம் கேட்கிறோம் என்றால், வருஷத்தில் இரண்டே இரவு இலவசமாக மீன் கிடைக்கிறவனிடம்.

கடலில் இதைக் கொஞ்சம் சரியாகச் செய்கிறார்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2001ல் 45 நாளாக ஆரம்பித்து 2017ல் 61 நாள் ஆயிற்று. அந்த நாட்களுக்கு மீனவக் குடும்பங்களுக்கு அரசாங்கம் நிவாரணம் கொடுக்கிறது. போதுமா என்று கேட்டால் போதாது என்றுதான் சொல்வார்கள். ஆனால் கையை எடு என்று சொன்னவன் அந்தக் கையில் ஏதோ வைக்கவாவது செய்கிறான்.

இவ்வளவு நியாயம் பேசுகிற நான் செய்ததையும் சொல்லிவிட வேண்டும்.

அதே வருஷம், கோடி நின்று ஒரு மாதம் இருக்கும். மாமா என்னை மேலேரிக்கு அழைத்துப் போனார். அல்லிக்கு நடுவே தண்ணீரின் மேல்மட்டத்தில் குங்குமத்தைக் கொட்டிக் கலக்கினது போலச் சிவப்பாக ஒரு வட்டம் நகர்ந்துகொண்டிருந்தது. விரால் குஞ்சு. ஆயிரக்கணக்கில். "கீழ தாயி இருக்குது பாரு" என்றார் மாமா. விரால் முட்டையிட்டுவிட்டு ஓடுகிற மீன் அல்ல. குஞ்சுகள் பெரிதாகும் வரை அடியிலேயே காவல் இருக்கும். மாமா ஒரு சின்னத் தவளையைக் கொக்கியில் மாட்டி என் கையில் தூண்டிலைக் கொடுத்து, குஞ்சுக் கூட்டத்துக்கு நடுவே போட்டுப் போட்டு எடுக்கச் சொன்னார். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ தண்ணீர் வெடித்தது. பசிக்கு வந்த கடி இல்லை அது. பசிக்கு வருகிற மீன் கொஞ்சம் முகர்ந்து பார்க்கும். இது நேராக வந்து அறைந்தது. இழுத்துக் கரையில் போட்டபோது என் முழங்கை நீளம் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். சிவப்பு வட்டம் சிதறி, அங்கங்கே துண்டு துண்டாக அலைந்தது. ஓரத்தில் கெண்டைகள் வந்து கொத்த ஆரம்பித்திருந்தன.

"குஞ்சு?" என்றேன்.

"அது தானே பொழச்சிக்கும்டா" என்றார் மாமா.

ஏறுகிற மீனுக்காகக் கரைமேல் நின்று கத்திய அதே மனிதர். நான் அதிர்ச்சியடைந்தேன் என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். அடையவில்லை. என் கையால் பிடித்த முதல் பெரிய மீன். ஊர் முழுக்கத் தூக்கிக் காட்டினேன். அத்தை வைத்த குழம்பின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. சால்மன் தீனி தின்னாமலே தூண்டிலைக் கடிக்கிறது என்று அந்தக் கடிதத்தில் படித்தபோதுதான், முப்பது வருஷத்துக்கும் மேலாகி, அந்த அறை என் கையில் மறுபடி விழுந்தது.

மாமா ஏறுகிற மீனை விட்டதும் விராலைப் பிடித்ததும் ஒரே கணக்கில்தான் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. ஆனாலும் ஒன்றை விட்டுக்கொடுக்க என்னால் முடியவில்லை. அவர் கத்தினபோது இரண்டொருவர் கையை எடுத்தார்களே, அப்போது தப்பின மீன்கள் தப்பினவைதான். அவை மேலே போய் முட்டையிட்டிருக்கும். காப்பாற்றியவன் எந்த நோக்கத்தில் காப்பாற்றினான் என்று மீன் விசாரிப்பதில்லை. விசாரிக்கிறவர்கள் நாம்தான். நோக்கம் கறைபட்டது என்பதற்காகக் காரியத்தையும் தள்ளிவிட்டால், உலகத்தில் நடக்கிற நல்ல காரியத்தில் பாதியைத் தள்ள வேண்டியிருக்கும். அதே சமயம், கறையைப் பார்க்காமல் மாமாவை மகாத்மா என்று கும்பிட்டால், இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற அந்தக் கிழவர் பாவி என்று ஆகிவிடுகிறது. எனக்கு இரண்டிலும் சம்மதமில்லை.

மாமா போய்ப் பத்து வருஷம் ஆகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. டிசம்பர் 2ஆம் தேதி விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தில் தண்ணீர் அபாயக் கட்டத்தைத் தாண்ட, ரயில்களை நிறுத்தினார்கள். அதே நாளில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் 1,68,000 கன அடி வீதம் திறந்து, விழுப்புரத்துக்குத் தெற்கே ஊர்கள் மூழ்கின. அந்த நாட்களில் மீனைப் பற்றிப் பேசினவன் மனுஷன் இல்லை. ஒரு வாரம் கழித்து, அத்தையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஊருக்குப் போனேன். மேலேரிக் கரையில் மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். கோடி இன்னும் போய்க்கொண்டிருந்தது. கோடிக்கல்லின் குறுக்கே ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நைலான் வலை. இப்போது ஏலம் எடுத்திருப்பவர் கட்டியது. அவர் விட்ட ரோகுவும் கட்லாவும் கீழே போய்விடக் கூடாதே என்று. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. குஞ்சுக்குக் கடன் வாங்கியிருப்பார்.

ஆனால் இறங்குகிறதைத் தடுக்கிற வலை ஏறுகிறதையும் தடுக்கிறது. கீழேயிருந்து வந்த கெளுத்திகள் வலையில் முட்டி முட்டிப் பின்னால் விழுந்தன. கீழே நான்கைந்து பையன்கள் கொசுவலையை விரித்துக்கொண்டு தயாராக நின்றார்கள். கரைமேல் நின்று கத்த யாரும் இல்லை. நான் நின்றேன். வாயைத் திறந்தேன் என்றுகூடச் சொல்லலாம். ஒரு பையன் நிமிர்ந்து, "இன்னா ஸார், மீனு வேணுமா?" என்று கேட்டான். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

பஸ் விழுப்புரம் ஊருக்குள் நுழைந்துவிட்டது. அந்த அம்மாள் கூடையைச் சுற்றிப் போட்ட கோணியை இறுக்கிக்கொண்டிருந்தாள். எதற்கோ தெரியவில்லை, அவளிடம், "சினை இல்லாத மீனாக ஒரு கிலோ கிடைக்குமா?" என்று கேட்டேன்.

"சினை இல்லாததா?" அவள் சிரித்தாள். "எல்லாரும் சினையாப் பாத்துக் குடுன்னு கேப்பாங்க. இன்னா ஸார், ஒடம்புக்கு ஆவாதா?"

"அப்படித்தான்" என்றேன்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கடை ஓரமாகக் கூடையை வைத்து ஒவ்வொன்றாக எடுத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். அமுக்கினதையெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கினாள். ஒதுக்கினது மலையாகிவிட்டது. சினை இல்லாதது என்று தேறியது மூன்றே மூன்று. நான் ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள், பிறகு மூன்றோடு மற்றதையும் அள்ளிப் போட்டு ஒரு கிலோவாக நிறுத்துப் பையில் கட்டிக் கொடுத்தாள்.

"வயித்துல இருக்கிறத எடுத்துக் கடாசிட சொல்லு வூட்டுல" என்றாள்.

வீட்டில் அப்படியொன்றும் கடாசவில்லை. தனியாக எடுத்து, மிளகாய்த்தூள் போட்டு வறுத்திருந்தார்கள். என் பையன் என்னைக் கேட்காமலே முதலில் அதைத்தான் எடுத்துத் தின்றான்.